பழைய மோட்டார் சைக்கிளை ஆராய்ந்து வாங்குதல்

உழவு மாடு வாங்கச் செல்வோர் வெறுங்கண்ணாற் பார்த்துவிட்டு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நுகத்திற் பூட்டிச் சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பர். குளிப்பாட்டிக் கொம்பு சீவி நிறுத்தப்பட்ட மாட்டின் மினுக்கம் அவர்களை மயக்குதல் அரிது. அம்மரபில் வந்தோரே பழைய மோட்டார் சைக்கிளொன்றை வாங்கும்போது, புதிதாகப் பூசிய வர்ணத்தையும் எஞ்சினின் ஒலியையும் கொண்டு முடிவு செய்துவிடுகின்றனர். விற்போன் எளிதிற் செப்பனிட்டு மறைக்கக்கூடியவை இவ்விரண்டுமேயாம். ஏறிச் செல்வோனின் உயிரையும் அவன் கொடுத்த பணத்தையும் காப்பன வேறு. அவை பெரும்பாலும் ஆசனத்தின் கீழும், பெற்றோல் தாங்கியின் அடியிலும், கடதாசிக் கட்டினுள்ளும் மறைந்து கிடக்கின்றன.

இலங்கையில் இவ்வாராய்வு முன்னையிலும் இன்றியமையாததாகிவிட்டது. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளின் விலை பெரிதும் உயர்ந்தது. ஒரு வண்டி பல கை மாறுதலும் சாதாரணமாயிற்று. வாங்குவோரிற் பலர் செல்வரல்லர். முதல் நியமனம் பெற்றுத் தூரத்துப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியரும், பஸ் வசதியற்ற கிராமத்திலிருந்து வேலைக்குப் புறப்படும் இளைஞரும் பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் எண்ணிக் கொடுக்கின்றனர். இழந்தால் மீளப் பெறுதற்கு அவர்களுக்கு வழியில்லை.

வண்டி பார்க்கச் செல்வதற்கு உகந்த வேளை காலையாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனைப் பார்த்தல் வேண்டும். சென்றவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது நன்று. அது ஏற்கெனவே சுட்டிருப்பின், விற்போன் முன்னரே இயக்கி வைத்திருக்கின்றான் என்பது வெளிப்படை. சூடேறிய எஞ்சினிற் பல குறைகள் அடங்கிவிடும். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. முதன்முறை இயக்கும்போது சைலென்சரின் வாயிலிருந்து வரும் புகையைக் கவனிக்க வேண்டும். நீலநிறப் புகை தொடர்ந்து வருமாயின், பிஸ்டன் வளையங்களோ வால்வுச் சீல்களோ தேய்ந்து, மசகெண்ணெய் எரிகின்றது என்க. கரும்புகை, காற்றின் அளவிற்கு மேற்பட்ட பெற்றோல் சேர்வதைக் காட்டும். இது பெரும்பாலும் சிறு செலவில் திருத்தக்கூடியது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்மை வெறும் நீராவியே. எனினும், மசகெண்ணெயைப் பெற்றோலுடன் கலந்து எரிக்கும் இரண்டடிப்பு எஞ்சின்களிற் சிறிது நீலப்புகை இயல்பாதலின், அவற்றுக்கு இவ்விதி பொருந்தாது. எண்ணெய் அளக்கும் கோலையும் வெளியே எடுத்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் அதில் நீர் கலந்துள்ளது. உலோகத் துகள் மினுங்குமாயின் உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கின்றது.

எஞ்சின் இயங்கினாற் போதுமென்னும் எண்ணம் வட பகுதியில் வேரூன்றியமைக்குக் காரணமுண்டு. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஓடும் வண்டியே நல்ல வண்டியென அன்று கொள்ள நேர்ந்தது. அந்த அளவுகோலை இன்றும் கையில் வைத்திருத்தல் தகாது.

எஞ்சினிலும் மேலாக ஆராயத்தக்கது வண்டியின் சட்டகமேயாகும். எஞ்சின் பழுதானால் வண்டி தெருவோரத்தில் நின்றுவிடும். சட்டகம் கோணியிருப்பின் ஓட்டுவோன் தெருவில் வீழ்வான். மோதுண்ட வண்டிக்குப் புதுத் தகடும் புது விளக்கும் பூட்டுதல் எளிது. ஆனால், மோதலின் தழும்பு எங்கேயாயினும் எஞ்சியிருக்கும். கைபிடியை இரு பக்கமும் முற்றாகத் திருப்பும்போது அதனைத் தடுத்து நிறுத்துதற்குச் சட்டகத்தின் கழுத்தருகே சிறு இரும்புத் தடுப்புகள் உண்டு. முன்புறம் பலமாக மோதிய வண்டியில் இவை நசுங்கியோ உடைந்தோ காணப்படும். வர்ணம் பூசுவோர் இவற்றைச் சீர்செய்ய நினைப்பதில்லை. இவற்றைப் பார்த்தபின், வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி முன்சில்லை நிலத்தினின்றும் உயர்த்திக் கைபிடியை மெல்லத் திருப்புதல் வேண்டும். நேர்நிலையில் ஏதோ பள்ளத்தில் விழுவதுபோல் தடைப்படின் கழுத்துப் பேரிங் தேய்ந்துள்ளது. முன்கவையின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட, ‘டக்’ என்னும் ஒலி எழுந்தாலும் அஃதே பொருள். பின்சில்லைப் பக்கவாட்டில் அசைத்தும் பார்க்கலாம். பின்னர் வண்டியின் பின்னே சில முழம் தள்ளிக் குந்தியிருந்து நோக்கின், இரு சில்லுகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பது புலனாகும்.

கடலும் களப்பும் சூழ்ந்த இடங்களில் ஓடிய வண்டிகளில் உப்புக் காற்றின் வேலையையும் தேட வேண்டும். ஆசனத்தைக் கழற்றி அதன் கீழுள்ள குழாய்களையும் ஒட்டுகளையும் பார்க்கலாம். தாங்கியின் மூடியைத் திறந்து கைவிளக்கின் ஒளியில் உட்புறத்தை நோக்கலாம். தீக்குச்சியின் உதவியை மறந்தும் நாடலாகாது. உள்ளே செந்துரு படிந்திருப்பின் அது பெற்றோலோடு இறங்கிக் காபரேற்றரை அடைத்துக்கொண்டேயிருக்கும்.

செயின், ரயர், பிறேக் ஆகியன மாற்றக்கூடியவை. ஆதலின் அவற்றின் தேய்வு வாங்காது விடுதற்குக் காரணமன்று; விலையைக் குறைத்தற்கே காரணமாகும். பின்புறப் பற்சில்லின் பின்பக்கத்திற் செயினைப் பிடித்திழுக்க, அது பல்லைவிட்டு நன்றாக விலகுமாயின் செயின் நீண்டுவிட்டது. பற்கள் அரிவாள் மூக்குப்போல் வளைந்திருப்பின் இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாகும். பூத் தேயாத ரயரும் முதுமையால் வெடித்திருக்கலாமாதலின் இவ்விலக்கம் பயனுடையது.

தூரங்காட்டும் கருவியை நம்புவோர் ஏமாறுவது எளிது. அதன் எண் மாற்றப்படலாம். வயர் அறுந்து நெடுங்காலம் நின்றுமிருக்கலாம். மிதியடி றப்பர், கியர் மிதி, கைப்பிடி உறை, ஆசனம் ஆகியவற்றின் தேய்வே நேர்மையான கணக்குப் புத்தகம். பத்தாயிரம் கிலோமீற்றர் காட்டும் வண்டியில் மிதியடி வழுவழுப்பாய்த் தேய்ந்திருந்தால் எதை நம்புவதென்று சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கடதாசிகள். வண்டியைப் பார்த்துக் களைத்த மனம் இவ்விடத்தில் அவசரப்படுவது இயல்பு. பெருநட்டமும் இவ்விடத்திலேயே நேர்கின்றது. சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட இலக்கங்களைப் பதிவுச் சான்றிதழோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடல் வேண்டும். இலக்கத்தைச் சுற்றி அரம் அராவிய அடையாளமோ, அவ்விடத்தில் மாத்திரம் புது வர்ணமோ காணப்படின், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பிவிடுதலே தக்கது. சான்றிதழில் முழு உரிமையாளர் என்னும் இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயரிருந்தால் கடன் இன்னும் தீரவில்லை எனக் கொள்ளல் வேண்டும். தவணை தவறின் நிறுவனம் வண்டியைக் கொண்டுசெல்லும்; வாங்கியவன் வெறுங்கையோடு நிற்பான்.

இவற்றினும் பரவலானது ‘திறந்த கடதாசி’ வழக்கம். பதிவுச் சொந்தக்காரர் ஒப்பமிட்ட வெற்று மாற்றப் படிவத்தோடு வண்டி ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கின்றது. கட்டணத்தை மிச்சம்பிடிக்க எவரும் தம் பெயருக்கு மாற்றுவதில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கைமாற்றத்தை அறிவிக்குமாறு பணிக்கின்றது. நான்காவதாக வாங்கியவன் பதிவை மாற்ற முயலும்போது, படிவம் பழுதாயிருக்கலாம், முதற் சொந்தக்காரர் வெளிநாடு சென்றிருக்கலாம், இறந்துமிருக்கலாம். புதிய ஒப்பம் எங்கே பெறுவது? இதற்கிடையில் வண்டி விபத்தொன்றில் அகப்படின், என்றோ விற்றுவிட்ட முதல்வரின் வீட்டுக் கதவையே பொலிசார் தட்டுவர். ஆகவே விற்போனின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் ஒன்றாதல் வேண்டும். வேறாயின், இடைப்பட்ட மாற்றத்தை முடித்துத் தருமாறு கேட்பதில் தவறில்லை. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் எந்நாள்வரை செல்லுபடியாகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பணத்தின் ஒரு பகுதியைப் பதிவு மாறும்வரை நிறுத்திவைப்பதாக எழுத்தில் உடன்படலாம். அதற்கு இணங்காத விற்போனிடம், இணங்காமைக்குக் காரணம் யாதெனக் கேட்டு, அவன் கூறும் விடையையும் வண்டியை ஆராய்ந்ததுபோலவே ஆராய்தல் வேண்டும்.