செய்யூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு குழுப் பயணம்

ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றின் தெருக்களில் நடந்து பார்க்க ஆசைப்படும் செய்யூர்க்காரர் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு இந்தியாவின் தலைநகராக இருந்த புதுச்சேரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேனில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். 1674-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் காலூன்றிய ஊர் அது. நடுவில் டச்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் போய்த் திரும்பி, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது.

பத்துப் பதினைந்து பேர் கிளம்பும்போது முதலில் பேசி முடிக்க வேண்டியது கிழமை. சனி, ஞாயிறுகளில் சென்னையும் பெங்களூரும் அங்கே வந்து குவிவதால் அறை வாடகை ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தைக் கடைகள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. எனவே செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது இரண்டு நாள் ஒதுக்கி, ஓர் இரவு தங்குவதே நல்லது. ஒரே நாளில் கடற்கரை, ஆரோவில், படகுத்துறை எல்லாவற்றையும் முடிக்க நினைக்கும் குழு பெரும்பாலும் பார்ப்பது வண்டி நிறுத்துமிடங்களைத்தான். அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்கள் சுத்தமானவை. ஆனால் மது, புகை கூடாது, இரவில் கதவும் அடைத்துவிடுவார்கள். இதெல்லாம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வசூலும் கணக்கும் ஒருவர் பொறுப்பில் இருந்தால் சண்டை குறையும்.

பழைய நகரத்துக்கு வண்டி தேவையில்லை. தெருக்கள் கோடு போட்டாற்போல் ஒன்றையொன்று நேராக வெட்டிக்கொள்வதால் வழி தவறுவது கடினம். பிரிந்து போகிறவர்கள் கடற்கரையிலுள்ள காந்தி சிலையடியில் கூடலாம். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. வயதானவர்களை அழைத்துப்போக அதுவே ஏற்ற நேரம்.

நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். மஞ்சள் சுவருக்கு முன் படம் பிடித்துக்கொண்டு கிழக்கோடு திரும்பிவிடுகிறவர்களே அதிகம். பார்க்க வேண்டியதில் பாதி மேற்கேதான் இருக்கிறது. அங்கே வீடுகள் தெருவுக்குத் திண்ணையும் தூண் வைத்த தாழ்வாரமும் காட்டி நிற்கும்; கிழக்கு வீடுகளோ உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கியிருக்கும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மேற்கில் இருக்கிறது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடிப்பதற்குச் சில நாள் முன்னால் அவர் இறந்தார். பிடித்தவர்கள் கோட்டையையும் வெள்ளையர் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். கிழக்கே இன்று காணும் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை. 1908 முதல் பத்தாண்டு புதுவையில் இருந்த பாரதி குடியிருந்த வீடு ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் நினைவில்லமாக இருக்கிறது.

ஊரை ஆங்கிலேயர் பிடித்த அந்த ஆங்கிலேய-பிரெஞ்சுப் போரின் தடம் செய்யூர் வட்டத்திலும் உண்டு. கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டை 1750-இல் துய்ப்ளேயிடம் வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தார்கள். திரும்பும்போது, வெளிச்சம் இருக்கையில், அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. வாடகை வண்டிக்குப் பெர்மிட் உண்டா என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லையும் ஒரே கோடு அல்ல: சாலை காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்து, பிறகுதான் நகரை எட்டும். விலை குறைவு என்று மது பாட்டில்களை வாங்கி எல்லை தாண்டுவது குற்றம்; சோதனைச் சாவடியில் ஒருவர் பையில் அகப்பட்டாலும் வேன் முழுவதும் காத்து நிற்க வேண்டியதுதான்.