அயல்நாட்டில் ஓர் இசைப்புலவர்

கடல் கடந்து சென்றாயினும் பொருள் ஈட்டுதல் வேண்டும் என்று நம் முன்னோர் அறிவுறுத்தியிருக்கின்றனர். ஆனால் அவ்வாறு சென்றவனுடைய தொழில், சென்ற இடத்தில் நலிந்துபோகுமாயின் அவன் செய்யத்தக்கது யாது? அங்கேயே இருப்பதா, தாயகம் திரும்புவதா? பழகிய தொழிலைப் பற்றிக்கொண்டிருப்பதா, வேறொன்றை மேற்கொள்வதா? இவ்வினாக்கள் எல்லோர்க்கும் கடினமானவையே. கலைஞனுக்கோ இவை இன்னும் கடினமானவை. கொல்லனும் தச்சனும் செய்யும் பொருள்கள் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வகையில் பயன்படும். கலைஞனுடைய பொருளோ மக்களின் மொழியையும் சுவையையும் சார்ந்தது. சுவை மாறிவிட்டால், அவன் கைத்திறன் குன்றாமலிருந்தும் அவன் வாழ்வு குன்றிவிடும்.

இத்தகைய நிலையில் சிக்கித் தெளிவான முடிவு கண்ட ஒருவரைப் பற்றி இன்று ஆராய்வோம். அவர் ஜெர்மன் நாட்டில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, உலகப் புகழ் எய்திய இசைப்புலவர் ஜார்ஜ் பிரடெரிக் ஹாண்டல்.

ஹாண்டல் 1685ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் ஹாலே என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அறுவை மருத்துவர். மகன் சட்டம் பயின்று முன்னேற வேண்டும் என்பதே அவர் விருப்பம். மகனுடைய உள்ளமோ இசையையே நாடியது. ஹாம்பர்க் நகரின் நாடக அரங்கில் சில காலம் பணியாற்றியபின், 1706 முதல் 1710 வரை இத்தாலியில் தங்கி, அந்நாட்டாரின் ஆப்பெரா என்னும் இசை நாடகக் கலையை நன்கு கற்றுத் தேர்ந்தார். 1710இல் ஹனோவர் அரசவையில் இசைத் தலைவராக அமர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் விடுமுறை பெற்று லண்டன் சென்றார். 1711இல் அங்கே நடந்த அவருடைய 'ரினால்டோ' என்னும் இசை நாடகம் பெருவெற்றி கண்டது. 1712இல் மீண்டும் விடுமுறை பெற்று லண்டன் வந்தவர், பின்னர் ஹனோவர்ப் பணிக்குத் திரும்பவே இல்லை. அப்பதவியும் 1713இல் நீங்கியது.

ஹனோவரில் நிலையான ஊதியம் இருக்க, அவர் லண்டனை விரும்பியது ஏன்? அக்காலத்து ஜெர்மன் நாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. இசைப்புலவன் ஓர் அரசனுடைய பணியாள். அவன் வெளியூர் செல்வதற்கும் அரசனுடைய இசைவு வேண்டும். லண்டனிலோ சீட்டு வாங்கி வந்து இசை கேட்கும் மக்கள் கூட்டம் இருந்தது. அங்கே கலைஞன் ஒரே தலைவனை நம்பாமல், தன் முயற்சியை நம்பி வாழலாம். இழப்பு நேர்ந்தாலும் அவனுடையதே. ஆதாயம் வந்தாலும் அவனுடையதே. இந்த உரிமையே அவரை அந்நகரில் நிறுத்தியது எனலாம்.

ஆன் அரசியார் அவருக்கு ஆண்டொன்றுக்கு 200 பவுன் மானியம் அளித்தார். 1714இல் அவ்வரசியார் மறைந்ததும் இங்கிலாந்தின் அரியணை ஏறியவர் யார்? ஹாண்டல் விட்டுவந்த அதே ஹனோவர் அரசர்தாம்! முதலாம் ஜார்ஜ் எனப் பெயர் பெற்ற அவர், பழைய பணியாளரை ஒறுக்காமல் மானியத்தை இரு மடங்காக்கினார். இளவரசியருக்கு இசை பயிற்றியதற்கு மேலும் 200 பவுன் சேர்ந்தது. இவ்வாறு ஆண்டுக்கு 600 பவுன் அவருக்கு உறுதியான வருவாயாயிற்று. 1723 முதல் புரூக் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். 1727இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இங்கிலாந்தின் குடிமகனானார்.

குடியுரிமை கிடைத்தது, தொழிலோ நெருக்கடியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. லண்டனில் இத்தாலிய ஆப்பெரா நடத்துவதற்காக 1719இல் பெருமக்கள் பங்கு முதல் சேர்த்து ஒரு கழகம் நிறுவினர். அது 1728இல் முடங்கியது. காரணங்கள் பல. நாடகம் இத்தாலிய மொழியில் நடந்தது; கேட்போரில் பலர்க்கு அம்மொழி விளங்காது. இத்தாலியிலிருந்து வரவழைக்கப்பட்ட பெரும் பாடகர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுனுக்கு மேலும் கொடுக்கவேண்டியிருந்தது. உடை, காட்சித்திரை, இயந்திர அமைப்பு ஆகியவற்றின் செலவு தனி. அதே 1728இல் ஜான் கே என்பார் எழுதிய 'பிச்சைக்காரர் ஆப்பெரா' அரங்கேறியது. அது எளிய ஆங்கிலத்தில், தெருவில் பாடும் மெட்டுகளில் அமைந்தது. முதற் பருவத்திலேயே 62 முறை நடந்தது. மக்கள் எதை விரும்புகின்றனர் என்பதை அது பறைசாற்றிற்று.

ஹாண்டல் அப்போது அதைச் செவிமடுத்தாரில்லை. மீண்டும் இத்தாலிய ஆப்பெராவையே நடத்தினார். 1733இல் பெருமக்கள் சிலர் அவருக்குப் போட்டியாக மற்றொரு குழுவை அமைத்தனர். ஒரு குழுவையே தாங்கமாட்டாத நகரத்தில் இரு குழுக்கள்! 1737 அளவில் இரு குழுக்களுமே சோர்ந்து வீழ்ந்தன. அவ்வாண்டிலேயே ஹாண்டலின் வலக்கை செயலற்றுப்போயிற்று. இசைக்கருவி வாசிப்பவருக்கு இதைவிடக் கொடிய அடி வேறென்ன உண்டு? ஆஹென் நகரின் வெந்நீர் ஊற்றுகளில் நீராடி நலம் பெற்றுத் திரும்பினார். திரும்பியவர் மறுபடியும் ஆப்பெராவே எழுதினார்! 1741 ஜனவரியில் அரங்கேறிய 'டெய்டாமியா' மூன்றே முறைதான் நடந்தது. அதுவே அவருடைய இறுதி ஆப்பெரா. அப்போது அவருக்கு வயது 55. அவர் இங்கிலாந்தை விட்டே போய்விடப்போகிறார் என்ற பேச்சு அவ்விளவேனிலில் லண்டனில் பரவியது.

அவர் நிலையிலிருந்து சற்று எண்ணிப் பாருங்கள். ஜெர்மனிக்குத் திரும்பலாம், ஆனால் தாயார் 1730இலேயே மறைந்துவிட்டார். அங்கே சென்றால் மீண்டும் ஓர் அரசனுக்குப் பணியாளாக வேண்டும். மானியத்தை மட்டும் நம்பி ஓய்ந்திருக்கலாம்; வறுமை வந்துவிடாது. அவர் கையில் காசின்றி நின்றார் என்று கதை சொல்வோர் உண்டு, அது மிகை. அவரை வாட்டியது பசியன்று. தாம் முப்பது ஆண்டுகள் உழைத்துக் கற்ற கலைக்கு இனி இடமில்லையோ என்னும் ஐயமே.

இவ்விடத்தில் ஆரட்டோரியோ என்னும் இசை வடிவத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஆப்பெராவில் பாடகர்கள் வேடமிட்டு நடித்துப் பாடுவர். ஆரட்டோரியோவில் வேடமில்லை, நடிப்பில்லை, காட்சித்திரையும் இல்லை. பாடகர்கள் நின்றபடியே பாட்டினால் கதையை விளக்குவர். குழுவாகப் பலர் சேர்ந்து பாடும் பகுதிகள் அதற்கு வலிமை தரும். நம் நாட்டு அனுபவத்தைக் கொண்டு சொல்லப்போனால், முன்னது நாடக மேடையை ஒத்தது. பின்னது, பலர் கூடி நிகழ்த்தும் கதாகாலட்சேபத்தை ஓரளவு ஒத்தது. கதை பெரும்பாலும் விவிலிய நூலிலிருந்து எடுக்கப்படும்.

1732இல் ஹாண்டல் 'எஸ்தர்' என்னும் ஆரட்டோரியோவை லண்டன் அரங்கில் நடத்தினார். திருநூற் கதையை மேடையில் நடிப்பது தகாது என்று லண்டன் மேற்றிராணியார் தடுத்தார் என்பர். ஆகவே நடிப்பின்றிப் பாட்டாகவே அது நடந்தது. மக்களும் விரும்பிக் கேட்டனர். தடையே ஒரு புதிய வடிவத்துக்கு வழி வகுத்தது. அதன்பின் ஆப்பெராவை எழுதிக்கொண்டே இடையிடையே 'டெபோரா', 'சால்' முதலிய ஆரட்டோரியோக்களையும் இயற்றிவந்தார். ஒன்பது ஆண்டுகள் அது துணைத் தொழிலாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது. பிற்காலத்தில் அவரைக் காத்த தொழில், ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கியதன்று.

இந்நிலையில் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதி அவரை டப்ளின் நகருக்கு அழைத்தார். ஹாண்டல் 1741 ஆகஸ்டு 22ஆம் நாள் தொடங்கிச் செப்டம்பர் 14ஆம் நாளுக்குள், இருபத்து நான்கு நாட்களில், 'மெஸையா' என்னும் ஆரட்டோரியோவை எழுதி முடித்தார். ஏசுநாதரின் பிறப்பையும் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் கூறுவது அது. அதற்குரிய விவிலிய வாசகங்களைத் தொகுத்துக் கொடுத்தவர் சார்ல்ஸ் ஜென்னன்ஸ் என்னும் நண்பர். நவம்பரில் ஹாண்டல் டப்ளின் சேர்ந்தார்.

அங்கே முன்பணம் செலுத்தியோர்க்காக ஆறு ஆறாக இரு வரிசை இசை நிகழ்ச்சிகளை நடத்தினார். லண்டனில் தோற்ற 'இமெனியோ' என்னும் ஆப்பெராவையும் வேடமும் நடிப்பும் இன்றி அங்கே பாடச் செய்தார். இது நுட்பமாக நோக்கத்தக்க செய்தி. தம் இசையில் குறையா, அதைச் சுற்றியிருந்த ஆடம்பரத்தில் குறையா என்பதை அறிய இதைவிடச் சிறந்த சோதனை வேறு யாது?

1742 ஏப்ரல் 13ஆம் நாள் நண்பகலில், டப்ளின் ஃபிஷாம்பிள் தெருவிலிருந்த இசை மண்டபத்தில் 'மெஸையா' முதன்முறையாகப் பாடப்பட்டது. கடனுக்காகச் சிறைப்பட்டோரை மீட்பதற்கும் இரு மருத்துவமனைகளுக்கும் வருவாய் முழுவதும் வழங்கப்பட்டது. இடம் போதாமை கருதி, பெண்மணிகள் வளையம் வைத்த அகன்ற பாவாடைகளைத் தவிர்க்குமாறும் ஆடவர் வாளின்றி வருமாறும் வேண்டிக்கொள்ளப்பட்டனர். சுமார் 700 பேர் திரண்டனர். ஏறக்குறைய 400 பவுன் சேர்ந்தது.

வெற்றி பெற்ற ஊரிலேயே அவர் தங்கிவிட்டாரா? இல்லை, ஆகஸ்டில் லண்டனுக்கே திரும்பினார். சிறிய நகரம் ஒரு பருவத்துக்கு உவந்து கேட்கும். ஆண்டுதோறும் புதிய படைப்புகளைத் தாங்கும் ஆற்றல் பெருநகருக்கே உண்டு. அவர்தம் பாடகர்கள், நூல் அச்சிடுவோர், நண்பர் யாவரும் லண்டனில்தான் இருந்தனர். ஆயினும் அவர் அவசரப்படவில்லை. செப்டம்பரில் ஜென்னன்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஆப்பெராவைத் தாம் நடத்தப்போவதாக எழுந்த செய்தி பொய் என்றும், ஆரட்டோரியோ நடத்துவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் குறிப்பிட்டார்.

முடிவு விரைவில் செயலாக வெளிப்பட்டது. 1743 பிப்ரவரியில் 'சாம்சன்' என்னும் ஆரட்டோரியோ லண்டனில் வெற்றி கண்டது. அவ்வாண்டு ஆப்பெராக் குழுவினர், இரண்டு புதிய நாடகங்கள் எழுதித் தந்தால் 1000 கினி தருவதாக அவரை வேண்டினர். கினி என்பது பவுனினும் சிறிது மிகுந்த நாணயம். முன்னர் ஆப்பெராவை விடமாட்டேன் என்று நின்றவர், இப்போது பெரும்பொருள் கிடைத்தும் அதை ஏற்க மறுத்தார். தொழில் மாறியது என்பதற்கு இதுவே உறுதியான சான்று.

மாறியபின் வழி முழுதும் மலர் விரித்திருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1743 மார்ச்சில் லண்டனில் 'மெஸையா' பாடப்பட்டபோது, திருவாசகத்தை நாடக அரங்கில் பாடலாமா என்று பலர் முகம் சுளித்தனர். 1745ஆம் ஆண்டுப் பருவமும் இழப்பிலேயே முடிந்தது. 1747இல் 'யூதாஸ் மக்கபேயஸ்' வந்த பின்னரே நிலைமை உறுதிப்பட்டது. அதிலிருந்து முன்பணம் செலுத்திய பெருமக்களை மட்டும் நம்பாமல், அன்றன்று சீட்டு வாங்கி வரும் நடுத்தர மக்களுக்கும் அரங்கைத் திறந்துவிட்டார். 1750 முதல் லண்டன் அநாதைக் குழந்தைகள் விடுதியின் நலனுக்காக 'மெஸையா' ஆண்டுதோறும் பாடப்பட்டு, அதன்பின்னரே அந்நகர மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது.

1751இல் அவர் கண்ணொளி குன்றத் தொடங்கியது; பின்னர் முற்றும் மறைந்தது. ஆயினும் நிகழ்ச்சிகளை விடாமல் நடத்தினார். 1759 ஏப்ரல் 14ஆம் நாள் புரூக் தெரு வீட்டிலேயே உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம் சுமார் 20,000 பவுன். அதில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்த உறவுப் பெண்ணுக்குச் சென்றது. 1000 பவுன் நலிந்த இசைக்கலைஞர்களின் உதவிச் சங்கத்துக்குச் சென்றது. உடலோ இங்கிலாந்தின் பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. பிறந்த நாட்டையும் மறக்கவில்லை, புகுந்த நாட்டையும் துறக்கவில்லை. அவர் வாழ்ந்த வீடு 2001 முதல் காட்சிசாலையாக விளங்குகிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை அயலூரிலோ அயல்நாட்டிலோ தொழில் செய்யப்போகிறீர்கள். தொழில் தளரும் ஒரு நாளும் வரலாம். அப்போது, "ஊரை விடுவதா?", "தொழிலை விடுவதா?" என்னும் இரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மனத்தைக் குழப்பும். ஹாண்டல் அவற்றைப் பிரித்து நோக்கினார். குரலைக் கொண்டு கதையும் உணர்ச்சியும் புலப்படுத்துவதே தம் திறமை. இத்தாலிய மொழியும் வேடமும் திரையும் அத்திறமைக்கு அணிவித்த உடையே என்று கண்டார். உடையைக் களைந்தார், திறமையைக் காத்தார். ஊரின் மீதும் பழி போடவில்லை. வேறோர் ஊரில் சென்று தம் பொருளைச் சோதித்துப் பார்த்து, திருத்திய பொருளோடு பழைய ஊருக்கே வந்தார்.

இதை அவர் 1728லேயே உணர்ந்திருந்தால் பல இழப்புகள் நேர்ந்திரா. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் தாமதித்து, நோயும் தோல்வியும் கண்டு, 56ஆம் வயதில் புதுவழி தொடங்கியவர்க்கும் காலம் கடந்துவிடவில்லை. தளர்ந்த நாளில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டுவது அதுவே.