பதினைந்தும் பதினைந்தும் இருபத்தொன்று

சென்ற வாரம் திணிவு, நேரம், வெப்பநிலை என்று வெறும் எண்ணைச் சொன்னாலே முழுமையாகிவிடும் கணியங்களைப் பார்த்தோம். அவற்றுக்கு எண்ணி என்று பெயர். இந்த வாரம் சைக்கிளில் ஏறுவோம்.

யாழ்ப்பாண நகரில் இருந்து பலாலி வீதியால் திருநெல்வேலிக்கு வருகிறீர்கள். வீதி நேர் வடக்கே போகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீங்கள் மிதிப்பது மணிக்கு 15 கிலோமீற்றர். காற்று வீசுவதும் 15 கிலோமீற்றர். அப்படியானால் உங்கள் உடம்பில் படும் காற்று எவ்வளவு?

காற்று வாடையானால், அதாவது வடக்கில் இருந்து வந்தால், முகத்தில் 30 கிலோமீற்றர் அறையும். தெற்கில் இருந்து வரும் சோளகமானால் பூச்சியம். வேலியோரப் பூவரச இலை ஆடும், உங்கள் சட்டை ஆடாது, முதுகு வியர்வையும் காயாது. மேற்கே இருந்து கச்சான் வீசினால்தான் வேடிக்கை. 30உம் இல்லை, பூச்சியமும் இல்லை, ஏறத்தாழ 21. அதுவும் நேர் முன்னாலோ நேர் இடப்பக்கத்தாலோ வராமல், இரண்டுக்கும் நடுவே இடக்கன்னத்தில் வந்து படும்.

அதே இரண்டு பதினைந்துகள்தான். விடை மட்டும் மூன்று. எண்ணைக் கூட்டத் தெரிந்தவருக்கு இது குழப்பம். கடலுக்குப் போகிறவருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று திசையைப் பெயரிலேயே பூட்டி வைத்தவர்கள் அவர்கள். எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதற்கு முன்னரே எந்தப் பக்கத்துக் காற்று என்று கேட்டவர்கள்.

பருமனோடு திசையும் சொல்லவேண்டிய இத்தகைய கணியத்தை எங்கள் பாடப்புத்தகம் காவி என்கிறது. தமிழ்நாட்டில் திசையன். அங்குள்ள வாசகருக்குக் காவி என்றதும் வேட்டியின் நிறம் நினைவுக்கு வரலாம், பொறுத்தருள்க. இன்னொரு எச்சரிக்கை: அவர்கள் வேகம் என்பதை நாங்கள் கதி என்போம், அவர்களின் திசைவேகம் எங்களுக்கு வெறும் வேகம். இரு கரைப் புத்தகங்களையும் மாறி மாறிப் படிக்கும் பிள்ளை இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

என் ஓட்டு காவிக்குத்தான். "அந்தச் சாக்கைக் காவிக்கொண்டு வா தம்பி" என்று சந்தையில் கேட்கும் அதே காவு. காவடியில் உள்ளதும் அதுதான். காவிக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்ட வெக்டர் என்ற இலத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்பவர் என்றே பொருள். ஒரு புள்ளியை இருந்த இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் காவிக்கொண்டு போவது என்ற படிமம் இரு மொழியிலும் ஒன்றாகவே இருக்கிறது. டெங்கு நுளம்பை நோய்க்காவி என்பதும் இதனால்தான். ஆனால் எனக்குக் கணிதம் சொல்லித்தந்தவர் கரும்பலகையில் ஓர் அம்புக்குறியைக் கீறி, "இதுதான் காவி, எழுதிக்கொள்" என்றதோடு சரி. அந்தச் சொல்லுக்குள் ஒரு வினை இருப்பது விளங்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

காவுதல் என்று பிடித்துக்கொண்டால் கூட்டலும் எளிது. வடக்கே 3 கிலோமீற்றர் காவுங்கள். நின்ற இடத்தில் இருந்து கிழக்கே 4 காவுங்கள். கால் நடந்த தூரம் 7. தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் நேராக இணைத்தால் 5. அந்த நேர்கோடுதான் விளையுள். முதலில் கிழக்கே போய்ப் பிறகு வடக்கே போனாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேருவீர்கள். இந்த இரு வழிகளையும் சேர்த்து வரைந்தால் வரும் உருவம் செவ்வகம். கோணம் வேறானால் இணைகரம். விசைகளுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை 1687இல் நியூற்றன் தம் நூலின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்.

சொல் வந்தது பிறகு. 1843 ஒக்டோபர் 16ஆம் திகதி, டப்ளின் கால்வாய்க் கரையில் மனைவியோடு நடந்துகொண்டிருந்த கணித அறிஞர் ஹமில்ற்றன், நான்கு கூறுகள் கொண்ட புதுவகை எண் ஒன்று மனதில் உதிக்கவே, அதன் சூத்திரத்தைப் பாலத்துக் கல்லில் கீறினார். அதன் ஒரு கூறுக்கு எண்ணி என்றும் மற்ற மூன்றுக்கும் சேர்த்துக் காவி என்றும் பெயரிட்டவர் அவரே. அந்த நான்கையும் சேர்த்துக் கட்டியாள்வது பெரும்பாடு. அமெரிக்காவின் கிப்ஸ், தந்தி அலுவலகத்தில் வேலை செய்து தானாகவே கணிதம் கற்ற இங்கிலாந்தின் ஹெவிசைட் இருவரும் தனித்தனியே காவியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 1881இல் கிப்ஸ் தம் மாணவருக்காக அச்சிட்ட குறிப்புகளின் வடிவில்தான் இன்றும் நாம் படிக்கிறோம்.

இந்தக் கதையில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் வருகிறார். கேம்பிரிட்ஜில் பௌதிக அறிஞர் டிராக்கிடம் ஆய்வு செய்த சி. ஜே. எலியேசர், இலங்கை, மலாயா, அவுஸ்திரேலியா என்று மூன்று நாடுகளில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். காவிக் கணிதத்துக்கு அவர் எழுதிய சிறு அறிமுக நூல் 1963இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில்தான். திருநெல்வேலியில், இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. அங்கே ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளையும் உயர்தரம் வரை காவிய காவியை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, வெக்டரைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போகிறது. இது நட்டமென்றே எனக்குப் படுகிறது.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். பருமனும் திசையும் இருந்தாலே காவி என்று எழுதினால் புள்ளி கிடைக்கலாம். ஆனால் அது போதாது. திருநெல்வேலித் தோட்டம் ஒன்றில் இரண்டு வாய்க்கால்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒன்றில் நிமிடத்துக்கு 40 லீற்றர், மற்றதில் 30. சேர்ந்த வாய்க்காலில் 70. எந்தக் கோணத்தில் வந்து சந்தித்தாலும் 70தான், ஒருபோதும் 50 ஆகாது. தண்ணீருக்குப் போகும் பக்கம் உண்டு, ஆனாலும் அந்த 40உம் 30உம் எண்ணிகளே. கம்பியில் ஓடும் மின்னோட்டமும் இப்படித்தான். இணைகர விதிப்படி கூடினால் மட்டுமே காவி.

அடுத்த வாரம் இரண்டு காவிகளைப் பெருக்கப் போகிறோம். அதற்குள் ஒரு வேலை. 10 லீற்றர் தண்ணீர் வாளியில் இரண்டு கயிறுகளைக் கட்டி, இருவராகப் பிடித்துத் தூக்குங்கள். கயிறுகள் நிமிர்ந்து நிற்கும்போது ஆளுக்கு 5 கிலோகிராம் பாரம். பிறகு மெல்ல விலகிச் செல்லுங்கள். கயிறுகளுக்கு இடையிலான கோணம் 120 பாகை ஆகும்போது ஆளுக்கு 10 கிலோகிராம்: தனியே தூக்கினால் எவ்வளவோ அவ்வளவு. இன்னும் விலகிக் கயிற்றைக் கிடையாக்கப் பாருங்கள். எவ்வளவு பலசாலிகள் இழுத்தாலும் முடியாது. ஏன் என்பதை ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.