சிநேகிதன் எடுத்த 60,000: திரும்பப் பெறும் செலவுக் கணக்கு

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தில் இருப்பவை நான்கே எண்கள். அந்த நான்கையும் நாமே ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அவர் நம் அட்டையால் எடுத்த காசில் வங்கி திருப்பித் தரும் தொகை அநேகமாக 0 ரூபாய். இந்தப் பூச்சியத்தை முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் மிச்சக் கணக்கைப் பார்க்க வேண்டும். பலர் மாதக்கணக்கில் வங்கி வாசலில் நின்று களைத்த பிறகே இதை அறிகிறார்கள். அதற்குள் காசை எடுத்தவர் கைக்கெட்டாத தூரம் போயிருப்பார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பிய காசு 2022இல் 378.9 கோடி டொலர், 2024இல் 657.5 கோடி டொலர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தக் காசின் கடைசிக் கட்டம் பெரும்பாலும் ஓர் ஏ.ரி.எம். இயந்திரம். மகன் ரொறன்ரோவில் இருக்கிறார், தாய் வடமராட்சியில் தனியே இருக்கிறார். முழங்கால் வலியோடு நெல்லியடிக்குப் பஸ் ஏற அவரால் முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து, இலக்கத்தையும் சொல்லி, “எடுத்துக்கொண்டு வா தம்பி” என்று அனுப்புகிறார். வேலையிடத்து நண்பர்களும் ஒரே அறையில் தங்கும் மாணவர்களும் இப்படித்தான் அட்டையைக் கைமாற்றுகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். அதை நம்பித்தான் இங்கே பல முதியவர்களின் அடுப்பு எரிகிறது. அந்த நம்பிக்கை முறிகிற நாளில் யாரிடம் எவ்வளவு கேட்க முடியும் என்பதே இங்கே கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, மூன்று நாட்களில் நாளுக்கு 20,000 வீதம் 60,000 ரூபாய் போனதாக வைத்துக்கொள்வோம்.

வங்கியோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரில் நடந்த ஒரு வழக்கு போதும். 2013 நவம்பர் 14 அன்று, பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் தன் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கணவரிடம் கொடுத்து 25,000 இந்திய ரூபாய் எடுத்துவரச் சொன்னார். பாரத ஸ்டேட் வங்கியின் இயந்திரம் துண்டைத் தந்தது, காசைத் தரவில்லை. கணக்கில் மட்டும் 25,000 குறைந்தது. கணவர் இயந்திரத்தின் முன் நின்றதும் காசு வராததும் கண்காணிப்புக் கமராவில் பதிவாகியிருந்தன. இயந்திரத்தில் 25,000 ரூபாய் கூடுதலாக இருந்ததைக் காட்டும் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் தம்பதியர் பெற்றார்கள். இவ்வளவும் கையில் இருந்தும், 2018 மே 29 அன்று நுகர்வோர் மன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இலக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்தது தவறு, காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்பது காரணம். நான்கரை ஆண்டு அலைந்தும் வரவு 0. அநியாயமான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன், ஏனெனில் காசு இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. கணவருக்கே இந்த நிலை என்றால் சிநேகிதன் விடயத்தில் வங்கி இரங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிற நாடுகளின் எண்களும் இதையே சொல்கின்றன. இலண்டனில், அனுமதியின்றி அட்டை பயன்படுத்தப்பட்டால் வாடிக்கையாளர் தாங்க வேண்டியது அதிகபட்சம் 35 பவுண். ஆனால் பெரும் கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் இரண்டு வேலைநாட்களுக்குள் அறிவித்தால் 50 டொலர், பிந்தினால் 500 டொலர் வரை. ஆயினும் அட்டையை நீங்களே ஒருவரிடம் கொடுத்திருந்தால், “இனி இவருக்கு அனுமதி இல்லை” என்று வங்கிக்குச் சொல்லும்வரை அவர் எடுப்பதெல்லாம் நீங்கள் அனுமதித்ததாகவே கொள்ளப்படும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் அப்படியே. இலக்கத்தைப் பகிர்ந்தவர் அறிவிக்கும்வரையான நட்டம் அவருடையது, அறிவித்த பிறகு வருவது வங்கியினுடையது.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம், வங்கிக்கு அறிவித்த நேரம். முதல் நாள் குறுஞ்செய்தியைப் பார்த்தவுடன் அட்டையை முடக்கியவரின் நட்டம் 20,000. “அவன் அப்படிச் செய்யமாட்டான்” என்று இரண்டு நாள் பொறுத்தவருக்கு 60,000. அந்தத் தயக்கத்தின் விலை 40,000 ரூபாய். முடக்கும் அழைப்பை எடுத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிவையுங்கள். அன்றே கிளைக்குக் கடிதம் கொடுத்து, இயந்திரத்தின் கமராப் பதிவை அழியாமல் வைக்கும்படி கேளுங்கள். பதிவு உங்கள் கைக்கு வராவிட்டாலும் பொலிஸ் கேட்கும்போது அது இருக்க வேண்டும்.

வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம். இதற்காக 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. முடக்கச் சொன்ன பிறகும் காசு போயிருந்தால் இந்த வழியை விடவே கூடாது. அதற்கு முன் போன காசுக்கு இங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்தக் காசு வர வேண்டியது எடுத்தவரிடமிருந்து. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் இத்தகைய அட்டை மோசடிகளுக்காகவே வந்தது. பொலிஸில் முறைப்பாடு செய்தால் அது பதிவாகும், சாட்சியம் சேரும். ஆனால் குற்ற வழக்கு தண்டனையை நோக்கிப் போகிற பாதை, காசு அதில் பின்னால்தான் வரும். சிநேகிதன் மறுக்கிறான், தலைமறைவாகிறான் என்றால் தாமதியாமல் பொலிஸுக்குப் போங்கள். எடுத்ததை ஒத்துக்கொள்கிறான் என்றால் முதலில் ஒரு தாள் எடுங்கள்.

எடுத்த திகதிகள், ஒவ்வொரு நாளின் தொகை, மொத்தம் 60,000, மாதம் 5,000 வீதம் 12 மாதத்தில் தருவதாக உறுதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி வாய்ப்பேச்சு உடன்படிக்கைக்கு வழக்குத் தொடரும் காலம் 3 ஆண்டு, எழுத்தில் இருந்தால் 6 ஆண்டு. நட்டஈடு கேட்பதற்கோ 2 ஆண்டுதான். கோயில் வீதியில் பத்துப் பேர் முன்னால் அவன் செய்த சத்தியத்தைவிட இந்தத் தாள் பெறுமதியானது.

அவன் தவணை தவறினால் மத்தியஸ்த சபை. ஊரில் இணக்கசபை என்பார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் இந்தச் சபைக்குக் கட்டாயம் போக வேண்டிய பிணக்கின் வரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. பிறகு பலமுறை உயர்ந்து இன்று இலட்சங்களில் நிற்கிறது, ஆகவே 60,000 அதற்குள் அடங்கும். மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். நீங்கள் ஒருவரையும் எதிர்த்தரப்பு ஒருவரையும் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் கிடைக்கும், அதோடுதான் நீதிமன்றம் போக முடியும். 60,000 ரூபாய்க்குச் சட்டத்தரணி செலவு, தவணைக்குத் தவணை இழக்கும் நாட்கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இந்த அளவு தொகைக்கு மத்தியஸ்த சபையே சரியான இடம் என்பது என் தீர்மானம்.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். 2021 செப்டெம்பரில் எடுத்த 60,000 ரூபாயைச் சரியாக ஓராண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தவர், பழைய விலையில் ஏறத்தாழ 35,300 ரூபாயைத்தான் கொடுத்தார். மிச்சம் 24,700 கேட்பாரில்லாமல் கரைந்தது. அப்படியொரு வருடம் இனி வராமல் போகலாம், ஆனாலும் நீண்ட தவணைக்கு ஒத்துக்கொள்ளும்போது வட்டியையும் எழுத்தில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து காசு அனுப்பும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவின் சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்குக்கு அட்டை வேண்டாம். மாதச் செலவு 40,000 என்றால் அந்த 40,000 மட்டும் விழுகிற இரண்டாவது கணக்கொன்றைத் திறந்து, அதற்கு மட்டும் அட்டை எடுங்கள். குறுஞ்செய்தி போகும் இலக்கமாக, அதைப் படித்து உடனே வங்கிக்கு அழைக்கக்கூடிய உறவினர் ஒருவருடையதைக் கொடுக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவோடு கிளைக்குப் போய் இந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்புங்கள்.