நீச்சல்காரரின் தோள்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றபோது மிஸ்ஸி ஃப்ராங்க்ளினுக்கு வயது 17. அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்தவர். 2018 டிசம்பரில், 23 வயதிலேயே, நீச்சலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு தோள்களிலும் அறுவை சிகிச்சை, பல முறை கார்டிசோன் ஊசி, மாதக்கணக்கில் பயிற்சி எல்லாம் பார்த்தும் வலி விடவில்லை.

அவருடைய கதை அரிதானதல்ல. ஆஸ்திரேலியாவில் 13 முதல் 25 வயது வரையிலான 80 தேர்ந்த நீச்சல் வீரர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், 91 சதவீதத்தினர் தோள்வலி இருப்பதாகச் சொன்னார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் நீந்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே தசைநாண் பாதிப்பு கூடியிருந்தது.

தோள் மூட்டின் அமைப்பிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன அகல்விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போல, ஆழமில்லாத குழியில் கை எலும்பின் உருண்டைத் தலை உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அது நழுவாமல் பிடித்துக்கொள்வது அதைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளின் வேலை. ஃப்ரீஸ்டைலில் உடலை முன்னே செலுத்தும் விசையில் பெரும்பங்கு கைகளிலிருந்தே வருகிறது; தீவிரப் பயிற்சியில் ஒரே நாளில் தோள் ஆயிரக்கணக்கான தடவை சுழலும். தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகள் முதலில் சோர்கின்றன. தோள்பட்டை சரியாகத் திரும்பாமல் போக, கை உயரும் ஒவ்வொரு முறையும் தசைநாண் உரசுகிறது, அழுந்துகிறது. இந்த வலிக்கு 1974இல் 'நீச்சல்காரர் தோள்' என்று பெயரிட்டவர்கள் கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற மருத்துவர்கள்.

மேலைநாடுகளில் இந்த வலியோடு பலர் கைரோபிராக்டிக் நிபுணரிடம் போகிறார்கள். 1895இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை இது. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சட்டென்று அழுத்தித் திருப்புவார்கள். விரலில் நெட்டி முறிப்பதுபோல் சத்தம் கேட்கும். இடம் மாறிய எலும்பு திரும்பி உட்காரும் ஓசை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாவதோடு தொடர்புடைய சத்தம் அது.

பலன் உண்டா? மேல்முதுகை இப்படி அழுத்திவிட்டால் சிலருக்குத் தோள்வலி சிறிது காலம் குறைகிறது. கை லேசாக உயர்கிறது. ஆனால் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நைந்த தசைநாணை அந்த அழுத்தம் சரிசெய்யாது. சோர்ந்த தசைக்கு வலுவும் தராது. கழுத்தை வேகமாகத் திருப்புவதில் மிக அரிதாக ரத்தக்குழாய் கிழியும் ஆபத்தும் இருப்பதால், தோளுக்காகப் போகிறவர் கழுத்தைக் கொடுக்கும்முன் யோசிப்பது நல்லது. வலி குறைந்த அன்றே பழைய தூரத்தை நீந்தப் போவதும் தவறு.

நீந்தும் தூரத்தைக் குறைப்பதும், கையில் மாட்டும் பேடில் பலகையைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைப்பதும், ரப்பர் பட்டை இழுத்துத் தோள்பட்டைத் தசைகளை வலுவாக்குவதும்தான் சிகிச்சையின் அடித்தளம். நீரில் நுழையும் கை தலைக்கு நேரான நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகிறதா, ஒரே பக்கம் மட்டும் மூச்சு வாங்குகிறார்களா என்பதைப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கை மரத்துப்போதல், கையைத் தூக்கவே முடியாமை இருந்தால் நேராக எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். நீச்சல் குளத்திலேயே வளரும் பிள்ளைகள் தோள்வலியைப் பயிற்சியின் ஒரு பகுதி என்று எண்ணி மறைக்கிறார்கள். வலிக்கிறதா என்று பெரியவர்கள்தான் வாரம் தவறாமல் கேட்க வேண்டும்.