பக்கவாதம் வந்தவருக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஒன்றுபோலவே இருக்கும். கை அசைகிறதா? கால் ஊன்றுகிறாரா? பேச்சு தெளிந்துவிட்டதா? வீட்டாரின் கவலையும் அதைச் சுற்றித்தான். "பலமாக இருமுகிறாரா?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பக்கவாதத்தில் உயிர் தப்பியவர்களைப் பிறகு கொண்டுபோகும் காரணங்களில் நிமோனியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தடுக்கும் முதல் காவல் இருமல்.

ஒரு பக்கத்துக் கை கால் விழுந்துவிட்டது என்கிறோம். மூச்சுக்கு உதவும் தசைகளும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றனவே! நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள், இருமும்போது இறுகும் வயிற்றுத் தசைகள் எல்லாமே மூளையின் கட்டளையால் இயங்குபவை. கட்டளை போகும் பாதை அடிபட்டால் இவையும் தளர்ந்துபோகும்.

அப்படியானால் அவர் சாதாரணமாக மூச்சு விடுகிறாரே என்று கேட்கலாம். தூங்கும்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதும் ஓடும் மூச்சை நடத்துவது மூளையின் அடியில் உள்ள முகுளம். பெரும்பாலான பக்கவாதங்கள் அதற்கு மேலே உள்ள பெருமூளையைத் தாக்குகின்றன. அதனால் தானாக ஓடும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். நாமாக விரும்பி இழுக்கும் ஆழ்ந்த மூச்சும், சொன்னவுடன் இருமும் இருமலும்தான் பலவீனப்படும். வீட்டாருக்கு இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இதுவே. படுத்தே கிடப்பதும், உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வதும் நெஞ்சு விரிவதை இன்னும் குறைத்துவிடும்.

இதோடு விழுங்குவதில் கோளாறும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். பக்கவாதம் வந்த புதிதில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கிறது. தண்ணீரோ கஞ்சியோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், நமக்கெல்லாம் உடனே புரையேறி இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். அவருக்கு இருமல் வராமலே இருக்கலாம்; வந்தாலும் தள்ளும் அளவுக்குப் பலம் இருக்காது. உள்ளே தங்கியது சீழ்பிடித்து நிமோனியாவாகிறது.

மூச்சுத் தசைப் பயிற்சி என்பது இந்தத் தசைகளுக்குத் தரும் எடைப் பயிற்சிதான். கைக்கு எடை தூக்குவதுபோல மூச்சுக்கு ஓர் எதிர்ப்பு. இதற்கென்று கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது. அதற்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று உண்டு. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் உறிஞ்சினால்தான் வால்வு திறந்து காற்று வரும். அந்த அழுத்தத்தை ஒரு திருகால் கூட்டலாம், குறைக்கலாம். வெளியே ஊதும் தசைகளுக்கும் இதேபோல் தனிக் கருவி இருக்கிறது.

முதலில் இயன்முறை மருத்துவர், அதாவது நாம் பிசியோதெரபிஸ்ட் என்று அழைப்பவர், நோயாளியால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் உறிஞ்ச முடிகிறது என்று அளப்பார். அது 40 சென்டிமீட்டர் நீரழுத்தம் என்று வந்தால், பெரும்பாலும் அதில் 30 சதவீதமான 12-ல் தொடங்குவார். வாரம் தோறும் மறுபடி அளந்து சுமையைக் கூட்டுவார். இப்படி அளந்து கூட்டுவதில்தான் பயிற்சியின் பலன் இருக்கிறது. ஒரே சுமையில் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் தசை ஒரு கட்டத்தோடு நின்றுவிடும்.

எவ்வளவு நேரம்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள், 5 வாரம் செய்தால் மூச்சுத் தசைகளின் வலு கூடுகிறது என்றும், நெஞ்சுத் தொற்று போன்ற சிக்கல்கள் குறைகின்றன என்றும் சொன்னது. அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், இடையிடையே ஓய்வு என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதை மந்திரம்போல் நம்பவும் கூடாது. லண்டனில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்த இரண்டு வாரத்துக்குள் இருந்தவர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி தந்து பார்த்தார்கள். எல்லோருடைய இருமலும் பலப்பட்டது. ஆனால் பேருக்குச் சிறு சுமை மட்டும் வைத்துச் செய்தவர்களுக்கும் அதே அளவு பலப்பட்டது. ஆரம்ப வாரங்களில் உடல் தானாகவே நிறைய மீட்டுக்கொள்கிறது என்பதே அதற்கு விளக்கம். மூச்சுத் தசைகள் மிகவும் தளர்ந்துபோனவருக்கே இந்தப் பயிற்சியில் நல்ல பலனை எதிர்பார்க்கலாம் என்பது என் கருத்து. அளந்து பார்க்காமல் எல்லோருக்கும் கருவி வாங்கச் சொல்வது வீண் செலவு.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் வேறொரு கருவி: மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பா. 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் தந்தனுப்பியதும் அலமாரியில் ஏறிவிடுகிறது. அல்லது பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாகிறது. எடுத்துப் பயன்படுத்துகிறவர்களிலும் பலர் அதை ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கு அல்ல, உறிஞ்சுவதற்கு. முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் கவ்வி, மெதுவாக, ஆழமாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலேறியதும் இரண்டு மூன்று நொடி அப்படியே நிறுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் தூக்குவதைவிட, நிதானமாக இழுத்து ஒரு பந்தை நிறுத்தி வைப்பது நல்லது. இது நுரையீரலை விரியச் செய்ய உதவும். மேலே சொன்ன ஸ்பிரிங் கருவிபோல அளந்த சுமையைத் தராது. இரண்டும் ஒன்றென்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் உட்காரும் விதம் முக்கியம். முதுகை நிமிர்த்தி, சாயும் பக்கத்தில் தலையணை வைத்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்கார வையுங்கள். வாய் கோணியிருப்பவருக்கு உதட்டோரத்தில் காற்று கசியும். வீட்டார் இரண்டு விரலால் அந்த இடத்தை மெதுவாக அழுத்திப் பிடித்தால் போதும். பேச்சு புரியாதவரிடம் "இழுங்க, இழுங்க" என்று சத்தம் போடுவதில் பயனில்லை. நீங்களே ஒரு முறை இழுத்துக் காட்டுங்கள், பார்த்துச் செய்வார். அதற்கு உங்களுக்கென்று தனிக் குழாய் வேண்டும். வாயில் வைக்கும் பகுதியை அன்றாடம் சோப்பு நீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொரு நோயாளிக்குக் கொடுப்பது உதவி அல்ல, தொற்றைக் கொடுப்பதாகிவிடும்.

தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், விரல் நுனி மரத்தால் உடனே நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுப்படாமல் இருப்பவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர், அண்மையில் நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை நடந்தவர், காது ஜவ்வு கிழிந்தவர் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. பலூன் ஊதச் சொல்லும் பழக்கமும் இங்கே உண்டு. முக்கி ஊதும்போது ரத்த அழுத்தம் ஏறும், சுமையும் தெரியாது, அதை விட்டுவிடலாம்.

பயிற்சியைவிட எளிதானதும், விட்டுவிடக் கூடாததும் சில உண்டு. விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரட்டும். வாயையும் பல்லையும் காலையும் இரவும் சுத்தம் செய்யுங்கள். வாயில் பெருகும் கிருமிகள்தாம் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குகின்றன. சாப்பிட்ட பின் குரல் தண்ணீர் கலந்ததுபோல் கரகரத்தால், அது உணவு வழிமாறிப் போவதன் அறிகுறி.

காய்ச்சல், நிறம் மாறிய சளி, வேகமான மூச்சு, காரணமில்லாத மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நாளைவரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். உதடு நீலமானால் 108-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல ஆளில்லாத வீடுகளுக்கு ஒரு தகவல். தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் வசதியும் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் விவரத்தைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும்போது கை காலோடு மூச்சையும் இருமலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.