அமிலம் வரைந்த முகம்

நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேப்ல பி.சி.பி. போர்டு செய்வோம் இல்லையா? செம்பின் மேல் பெயிண்டால் கோடு போட்டு ஃபெரிக் குளோரைடில் முக்கினால், பெயிண்ட் படாத செம்பெல்லாம் கரைந்து போகும். ஏறக்குறைய இதே வேலையைச் செய்து ஒரு கவிஞரின் முகத்தை அச்சடித்தார் பிரெஞ்சு ஓவியர் பால் கோகென். ஆண்டு 1891. கவிஞர் ஸ்டெஃபான் மல்லார்மே.

ஓவியர்கள் செம்புத் தகடு முழுக்க மெழுகு கலந்த பூச்சைத் தடவி, அதன் மேல் ஊசியால் வரைவார்கள். கை சுரண்டுவது மெழுகை மட்டும்தான். செம்பைத் தோண்டுவது அமிலம். அதிக நேரம் ஊறினால் ஆழம் கூடும், கோடு கறுக்கும். பிறகு பூச்சைக் கழுவி, மை தேய்த்து, மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து பிரஸ்ஸில் அழுத்தினால் மை காகிதத்துக்கு ஏறிவிடும். நம்ம போர்டில் மிஞ்சிய செம்புதான் சர்க்யூட். இங்கே கரைந்துபோன செம்புதான் படம்! அச்சில் இடம் வலமாக மாறும் என்பதையும் மனசில் வைத்தே வரையணும். தப்பானால் அழிக்க ரப்பர் கிடையாது. செம்பையே தேய்த்து மட்டமாக்கணும்.

கோகென் கப்பலில் வேலை பார்த்து, பங்குச் சந்தை உத்தியோகம் பார்த்து, அதையும் விட்டு ஓவியத்துக்கு வந்த மனுஷன். 1891ல் கையில் காசில்லை. ஆனால் தஹிதித் தீவுக்குப் போயே தீருவது என்று நிற்கிறார். படங்களை ஏலம் விட்டுத்தான் பயணச் செலவு. இங்கிலீஷ் வாத்தியாராக இருந்துகொண்டே கவிதை எழுதிய மல்லார்மே, எழுத்தாளர் மிர்போவிடம் சொல்லி, ஏலத்துக்கு முன்பே பத்திரிகையில் ஒரு கட்டுரை வரச் செய்தார். பிப்ரவரி 23ல் ஏலம் நடந்து பணம் சேர்ந்தது. மார்ச் 23ல் நடந்த வழியனுப்பு விருந்துக்கும் அவரே தலைமை.

அந்த ஜனவரியில் பிறந்ததுதான் இந்தப் படம். சுமார் 18 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம், அவ்வளவுதான். அடர்ந்த மீசை, யோசனையில் இருக்கும் கண். தலைக்குப் பின்னால் இருட்டில் ஓர் அண்டங்காக்கை எட்டிப் பார்க்கிறது! எட்கர் ஆலன் போவின் அண்டங்காக்கைக் கவிதையை மல்லார்மே பிரெஞ்சில் மொழிபெயர்த்திருந்தார். 1875ல் வந்த அந்தப் புத்தகத்துக்குப் படம் போட்டவர் மானே. காதைக் கவனியுங்கள், நுனி கூராக இருக்கும். ஆட்டுக்கால் கொண்ட வனதேவதையைப் பற்றி அவர் எழுதிய கவிதைக்கு அது ஜாடை. ஆளின் எழுத்தையே முகத்தில் ஒட்டவைத்த இந்தக் குறும்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அமிலம் மட்டும் போதவில்லை போலும்; ஊசியாலும் உளியாலும் நேரடியாகவும் செம்பைக் கீறியிருக்கிறார். தஹிதியிலிருந்து 1893ல் திரும்பியவர் மரக்கட்டையைச் செதுக்கி அச்சுப் படங்கள் செய்தார். அமிலத்தில் முக்கிய தகடு அவர் வாழ்நாளில் இது ஒன்றுதான்.